ஞானமுத்துவின் தார்ன்பி

ஆயர் இளவழகன் பிரசங்கத்தில் தார்ன்பியின் பெயரைச் சொன்னதும், யாரோ செருப்புக் காலோடு தன் வீட்டுக்குள் நுழைந்துவிட்டதைப் போல ஞானமுத்துவுக்கு எரிந்தது.

எட்வர்ட் தார்ன்பி நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தின் ஒரு மூலைக் கிராமத்தில் ஆங்கிலிக்கன் குருவாக இருந்தவர். ஆலயத்தில் அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்தைப் பற்றி ஒரே ஒரு புத்தகம் எழுதினார். ஒரு முறைதான் அச்சானது. சுரங்கத்தில் கன்வேயர் ஃபோர்மேனாக இருக்கும் ஞானமுத்துவுக்கு அது சென்னையில் ஒரு பழைய புத்தகக் கடையில், சட்டப் புத்தகங்களுக்கு நடுவில் கிடைத்தது. அப்போது அவருக்குக் கல்யாணமான புதிது. இப்போது ஓய்வு பெறப்போகிறார். இடையில் ஷிஃப்ட் முடிந்து வந்து குவார்ட்டர்ஸ் பின்கட்டில் உட்கார்ந்து அவர் வாசித்தது பெரும்பாலும் அந்தப் புத்தகத்தைத்தான். சில பக்கங்களில் நிலக்கரித் தூள் படிந்து, எழுத்துக்கு நடுவில் நிலைத்துவிட்டது.

தார்ன்பியின் காலத்தில் இரண்டு கட்சிகள் அடித்துக்கொண்டன. ஜெபம் சொல்லி முடித்ததும் அப்பம் கிறிஸ்துவின் சரீரமாகிவிட்டது, அதைப் பேழையில் வைத்து வணங்கலாம் என்றது ஒரு கட்சி. அப்பம் அப்பமாகவே இருக்கிறது, மற்றதெல்லாம் உண்பவர் மனதில் என்றது இன்னொன்று. இருவரும் அப்பத்தையே பார்க்கிறார்கள், கைகளைப் பார்ப்பதில்லை என்றார் தார்ன்பி. "வாங்குங்கள்" என்றுதானே ஆண்டவர் சொன்னார்? கொடுக்கும் கையும் வாங்கும் கையும் தொடுகிற இடத்தில் அவர் மெய்யாகவே இருக்கிறார். ஆகவே யாரும் தன் கையால் தானே எடுத்து உண்ணக்கூடாது, குருவும்கூட. ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவர் கையிலிருந்து வாங்க வேண்டும். இது ஏழாம் அதிகாரம். இரண்டு கட்சிகளுக்கும் அவர் வேண்டாதவராகிப் போனார்.

யாருக்கும் வேண்டாதவர் என்பதாலேயே ஞானமுத்துவுக்கு அவர் மிகவும் வேண்டியவரானார். உலகத்தில் தார்ன்பியை வாசிக்கிற ஆள் தான் ஒருவன் மட்டுமாக இருக்கக்கூடும் என்று நினைக்கும்போது அவருக்குள் ஒரு சுகம் பரவும். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலத்தில் வீடு சந்திக்க வந்த ஆயர், ஜெபம் முடிந்து காப்பி குடிக்கும்போது அலமாரியில் அதைப் பார்த்துவிட்டார். மேல்பட்டாம்பாக்கத்துப் பையன். முப்பது வயதுகூட ஆகவில்லை. இரவல் கேட்டார். இல்லை என்று சொல்ல ஞானமுத்துவுக்கு வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு பிரசங்கம், வியாழக்கிழமைதோறும் வேதபாட வகுப்பு, எல்லாவற்றிலும் தார்ன்பி. "இது நம்ம ஞானமுத்து ஐயா குடுத்த புத்தகம்" என்று ஆயர் ஒவ்வொரு முறையும் மறக்காமல் சொன்னார். அதனால் குறை சொல்லவும் வழியில்லாமல் போயிற்று. பேரைச் சொல்லாமல் திருடியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

வியாழக்கிழமை வகுப்புக்கு முதல் ஆளாகப் போனது அவர் மனைவி சந்திரா. திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவாள்.

"இன்னைக்கு நம்ம தார்ன்பி என்ன சொல்லிட்டாரு தெரியுமா? பாட்டியம்மாவுக்கு நடுங்குற கையில அப்பம் குடுக்கிறப்போ, நடுங்குறது அப்பமா கையான்னு கேக்குறாரு. ஆயர் அப்படியே நடிச்சுக் காமிச்சாரு. எல்லாருக்கும் சிரிப்பு, பொன்னம்மாளுக்கு மட்டும் அழுகை."

"நம்ம தார்ன்பி" என்ற சொல் ஞானமுத்துவுக்குக் கசந்தது. தட்டில் இருந்த தோசையைப் பிய்த்தபடி இருந்தார்.

"என்ன, பேச்சையே காணோம்?"

"அது நாலாம் அதிகாரம்."

"அதிகாரம் இருக்கட்டும். கல்யாணம் ஆன நாள்லேருந்து இந்த புக்கு இந்த வீட்லதான இருந்துச்சு? ஒரு நாளாவது எங்கிட்ட ஒரு வரி சொன்னீங்களா? நான் என்னமோ கன்வேயர் மேனுவல்னு நெனச்சுக்கிட்டு தூசி தட்டிட்டு இருந்தேன்."

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவருக்கு அந்தச் சிரிப்பு ஆயருக்கு உரியதாகப் பட்டது. தன்னோடு அவள் இப்படிப் பேசி எத்தனை காலம் ஆயிற்று? அவர் பேசினால்தானே அவள் பேசுவதற்கு. அது தெரிந்தும் கோபம் ஆயர் மேல்தான் போயிற்று.

மறுநாள் முதல் ஷிஃப்ட் முடிந்ததும் நேராக ஆயர் வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைத் திருப்பிக் கேட்டார். ஒரு இடம் பார்க்க வேண்டியிருக்கிறது என்றார். ஆயர் அட்டையைத் துடைத்து இரண்டு கையாலும் கொடுத்தார். "இன்னும் கடைசி ரெண்டு அதிகாரம் படிக்கலீங்க. பரவால்ல, நீங்க பாத்துட்டுக் குடுங்க." ஞானமுத்து சைக்கிள் கூடையில் அதை வைத்து, மேலே துண்டைப் போட்டு மூடி எடுத்து வந்தார்.

சனிக்கிழமை சாயந்திரம் ஆலயக் கமிட்டி கூடியது. ஞானமுத்துதான் அதில் மூத்தவர். வரும் திருவிருந்தில் பீடத்துக்கு முன்னால் உள்ள கிராதிக்கு வரிசையாக வந்து முழங்கால்படியிடுவதற்குப் பதிலாக, பெஞ்சுகளில் இருந்தபடியே ஒவ்வொருவரும் அப்பத்தைப் பிட்டுப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுக்கலாம், தானும் கடைசியில் சபையார் ஒருவர் கையால் வாங்கிக்கொள்கிறேன் என்றார் ஆயர்.

செயலாளர் செல்லத்துரை மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "ஐயா, நல்ல ஐடியாதான். ஆனா கொஞ்சம் யோசிக்கணும். வேலை முடிஞ்சு நேரா வர்றவங்க இருக்காங்க. கை கழுவியிருப்பாங்களோ என்னமோ."

"கை கழுவிட்டு வரச் சொல்லலாங்க."

"இல்ல, பின் பெஞ்சுல வடக்குத்து கிராமத்துலேருந்து வர்றவங்க இருக்காங்க. கான்ட்ராக்ட் ஆளுங்க. அவங்க கையால நம்ம பொம்பளைங்க வாங்குவாங்களான்னு..." செல்லத்துரை நிறுத்திக்கொண்டார். "நான் சாதியச் சொல்லல. சுகாதாரத்தச் சொல்றேன்."

யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"நீங்க சாதியச் சொல்லலன்னு எல்லாருக்கும் நல்லா புரியுதுங்க" என்றார் ஆயர். "இது நானா சொல்றதில்ல. அந்தப் புத்தகத்துல அப்பிடித்தான் இருக்குது."

"புத்தகத்த காட்டுங்க, பாப்போம்."

"எங்கிட்ட இல்லீங்க. ஐயாகிட்டதான் இருக்குது. அவரையே கேளுங்க."

எல்லோரும் ஞானமுத்துவைப் பார்த்தார்கள். செல்லத்துரை கேட்டார்: "என்னண்ணே? அப்படி இருக்கா?"

ஏழாம் அதிகாரம் அவருக்கு வரிவரியாகத் தெரியும். ஒரு சொல் போதும். ஆனால் அந்தச் சொல்லைச் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை தார்ன்பி பெஞ்சு பெஞ்சாகப் போவார். சந்திரா யார் கையிலிருந்தோ வாங்கிக்கொண்டு, ஆயரைப் பார்த்துச் சிரிப்பாள். ஞானமுத்து மேசை விளிம்பைப் பார்த்தார். இல்லை என்று அவர் சொல்லவில்லை. பொய் சொல்ல அவருக்கு வராது. பேசாமல் மட்டும் இருந்தார்.

அந்தக் கமிட்டியில் மூத்தவர் பேசாமல் இருந்தால் அவருக்குச் சம்மதமில்லை என்று பொருள். ஆலயத்துக்கு ஓடு மாற்றுவது முதல் பாடகர் குழுவுக்கு அங்கி தைப்பது வரை எத்தனையோ தீர்மானங்கள் அப்படித்தான் செத்திருக்கின்றன. அது ஞானமுத்துவுக்கும் தெரியும்.

"சரி, விட்ருவோம்" என்றார் செல்லத்துரை. "வழக்கம்போல கிராதியில."

ஆயர் போகும்போது ஞானமுத்துவின் பக்கம் திரும்பித் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனார். அந்த முகத்தில் கோபம் இருந்திருந்தால் ஞானமுத்து அன்று தூங்கியிருப்பார்.

சந்திராவுக்கு விஷயம் எட்ட அதிக நேரம் ஆகவில்லை. அவள் ஒன்றும் கேட்கவில்லை. தோசை வார்த்துப் போட்டாள். தார்ன்பி என்ற பெயரே அந்த வீட்டில் எழவில்லை. அவர் விரும்பியது அதுதான். புத்தகம் மடியில் கிடந்தது. ஏழாம் அதிகாரத்தைத் திறந்தார். வாசிக்க முடியவில்லை.

ஞாயிறு காலையில் ஆலயத்தில் உதவி செய்வது அவர் முறை. திருவிருந்துக்கு முன் சமாதான வாழ்த்து நடக்கும். ஆயர் பீடத்தருகே நிற்கும் உதவியாளர்கள் இருவருக்கும் அதைக் கொடுப்பார். கொடுப்பவர் தன் வலக்கையை வாங்குபவரின் வலக்கையில் வைப்பார், வாங்குபவர் இடக்கையால் அதை மூடிக்கொள்வார். பிறகு ஆளுக்கொரு பக்கமாக இறங்கி, முன் பெஞ்சிலிருந்து அதை வரிசை வரிசையாகக் கொடுத்துப் போவார்கள்.

"சமாதானம் உங்களோடிருப்பதாக" என்று ஆயர் கையை வைத்தார்.

ஞானமுத்து அந்தக் கையை மூடினார். மூடிய கையை விடவில்லை. அடுத்த பக்கத்து உதவியாளர் இறங்கிப் போய்விட்டார். இடப்பக்கத்துப் பெஞ்சுகள் காத்திருந்தன. ஆர்மோனியம் வாசித்தவர் பாட்டை முடித்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் கட்டைகளின் மேல் விரலை வைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா?" என்றார் ஆயர் மெதுவாக.

"புத்தகத்துல இருக்குங்க."

"என்னதுங்க?"

"அடுத்தவங்க கையால வாங்கணும்னு. குருவும்தான். ஏழாம் அதிகாரம். நேத்து சொல்லியிருக்கணும்." அவர் சன்னமாகத்தான் சொன்னார். ஆனால் ஆயரின் கழுத்தில் மைக் இருந்தது. ஆலயம் முழுக்கக் கேட்டது. முன் பெஞ்சில் செல்லத்துரை கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏங்க சொல்லல?" ஆயர் இதைக் கேட்கும்போது மைக்கை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.

"எனக்கு மட்டும் இருக்கட்டும்னு."

ஆயர் அவரைப் பார்த்தார். மன்னித்தது போலவும் இல்லை, மன்னிக்காதது போலவும் இல்லை. பிறகு பீடத்துக்குத் திரும்பி, அப்பத் தட்டை எடுத்து நடைபாதையின் தலைப்பில் கொண்டுவந்து நின்றார். "சமாதானத்தக் கொண்டு போங்கய்யா. பின்னாடியே அப்பம் வருது. பெஞ்சுலயே இருங்கன்னு சொல்லிக்கினே போங்க."

செல்லத்துரை எழுந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவருக்குப் பின்னால் இருந்த பொன்னம்மாள் "உக்காருங்க தம்பி, மறைக்குது" என்றாள். அவர் நின்றுகொண்டே இருந்தார்.

ஞானமுத்து படி இறங்கினார். சந்திரா மூன்றாவது பெஞ்சில் இருந்தாள். அவள் கண் அவரைத் தாண்டி, தட்டோடு நிற்கும் ஆயர் மேல் இருந்தது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அவருக்குச் சுருக்கென்றது. தார்ன்பி இனி தனக்கு மட்டுமானவர் இல்லை. அது அவருக்குப் பிடிக்கவில்லை, இப்போதும் பிடிக்கவில்லை. சேர்த்த கைகளோடு அவளைத் தாண்டி, செல்லத்துரையைத் தாண்டி, கடைசிப் பெஞ்சு வரை நடந்து போனார். அங்கே வடக்குத்திலிருந்து வரும் தனகோட்டி, புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"என்னாங்க இது, இன்னிக்கி எங்ககிட்டேர்ந்து ஆரம்பிக்கிறீங்க?"

"ஆமாம்மா" என்று சொல்லி அவர் கையை நீட்டினார்.