சாவுச் சேதி

கஜபதிக்கு ஃபோன் வருவதென்றால் இப்போதெல்லாம் ஒரே இடத்திலிருந்துதான். காலையில் பல் தேய்க்கும்போதே ஆரம்பித்துவிடுவான் அந்தக் கடன் கம்பெனிப் பையன். மனோரமா மூச்சுத் திணறிக் கிடந்தபோது, ஆஸ்பத்திரி பில்லுக்கு வழியில்லாமல் செல்போனிலேயே முகத்தைக் காட்டி வாங்கிய கடன் அது. அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். கடன் போகவில்லை.

"இன்னாடா, பொண்டாட்டிய முழுங்கிட்டு எங்க காசயும் முழுங்கலாம்னு பாக்கறியா?"

"சம்பளம் வந்ததும் கட்டிடறேன் சார்."

எங்கிருந்து வரும்? திருத்தணியில் ஒரு கல்யாண மண்டபத்துக்குக் காவல்காரன் அவன். மார்கழியில் எந்த மகராசன் கல்யாணம் வைக்கிறான்? இதில் கேவலம் என்னவென்றால், அந்தப் பையனுக்குச் சொல்லும் பதிலைத் தவிர நாள் முழுக்க அவன் வாய்திறந்து பேச ஆளே இல்லை.

பிள்ளைகுட்டி கிடையாது. பள்ளிப்பட்டில் அண்ணன் சுப்பிரமணி இருக்கிறார். வரப்புத் தகராறில் பேச்சு நின்று எத்தனையோ வருஷம். எங்கள் பக்கத்தில் பங்காளிகள் வெட்டிக்கொண்டாலும் சாவுக்கு வந்து நிற்பார்கள். சேதி மட்டும் சொல்லி அனுப்பிவிட வேண்டும். மனோரமா செத்தபோது இந்த வீம்பு பிடித்த மனுஷன் அதைக்கூடச் செய்யவில்லை. அக்கம்பக்கத்தாரை வைத்துக் காரியத்தை முடித்துவிட்டான். அவளைச் சொந்தத் தங்கச்சியாகப் பார்த்தவர் அந்த அண்ணன்.

'காசு வரலேன்னா நீ செத்துட்டேன்னு ஊருக்கே சேதி அனுப்பிடுவேன்' என்று மிரட்டிக்கொண்டிருந்த பையன் ஒருநாள் காலையில் அதைச் செய்தேவிட்டான். கஜபதியின் படத்துக்கு மாலை போட்டு, பக்கத்தில் விளக்கு வைத்து, 'கண்ணீர் அஞ்சலி' என்று போட்டு, கடன் கொடுக்கும்போதே கஜபதியின் செல்லிலிருந்து உருவி வைத்திருந்த எல்லா நம்பருக்கும் அனுப்பினான். கஜபதிக்கும் ஒன்று வந்தது.

என்ன அவமானம்! ஊரே கூப்பிடப் போகிறது, என்ன சொல்வது என்று தவித்தான். பால்காரர் கூப்பிடவில்லை. மண்டபத்து மேனேஜர் கூப்பிடவில்லை. அடப்பாவிகளா, ஒரு மனுஷன் செத்திருக்கிறான், என்ன ஏது என்று கேட்கக்கூடவா ஆள் இல்லை?

வெயில் ஏறியபிறகு ஃபோன் அடித்தது. 'அண்ணன்' என்றிருந்தது. எடுத்து, 'நான் சாகலண்ணா' என்றால் அவர் வைத்துவிடுவார். எடுக்காவிட்டால் வருவார். உயிரோடு இருக்கிற தம்பியைப் பார்க்க அவர் எதற்கு வரப்போகிறார்? அவன் எடுக்கவில்லை.

மதியம் பள்ளிப்பட்டு பஸ்ஸில் வந்து இறங்கினார் சுப்பிரமணி. கையில் மாலை. தெருமுனையிலேயே குரல் கேட்டது.

"மனோரமா... தனியா இன்னா பண்ணுவே தாயீ!"

வாசலில் நின்ற தம்பியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"கடங்காரன் அனுப்பன பொய்ண்ணா அது. நான் நல்லாத்தான் கீறேன்."

"அட நைனா! உசுரோட கீறியேடா!" அவன் முகத்தை ஒரு கையால் தடவித் தடவிப் பார்த்தார். அழுதார், சிரித்தார், அவன் தலையில் ஒரு குட்டு வைத்தார். அத்தனை வருஷத்துக்கும் சேர்த்து அந்தக் குட்டு கஜபதிக்கு இனித்தது.

"மனோரமாவ ஒரு சொம்பு தண்ணி கொண்டாரச் சொல்றா. நெஞ்சு காஞ்சி போச்சி."

உள்ளே எட்டிப் பார்த்த அண்ணன், சுவரில் பொட்டு வைத்த படத்தைப் பார்த்துவிட்டார்.

"எப்ப?"

"புரட்டாசில."

"எனக்குச் சொல்லலியேடா."

"தப்புதாண்ணா."

கொண்டுவந்த மாலையை அவள் படத்துக்குப் போட்டார். வெகுநேரம் அங்கேயே நின்றார். ஃபோன் அடித்தது. 'கடங்காரன்தாண்ணா' என்று கஜபதி எடுக்கத் தயங்க, அவரே பிடுங்கிக் காதில் வைத்தார்.

"கஜபதியா? செத்துட்டான். நீதானய்யா சேதி அனுப்பன? செத்தவன்கிட்ட இன்னா வசூல் பண்ணுவ? இன்னொரு வாட்டி அடிச்சே, போலீசுக்குப் போயிடுவேன்."

கஜபதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணனும் சிரிப்பார் என்று முகத்தைப் பார்த்தான். அவர் சிரிக்கவில்லை. ஃபோனை அவன் கையில் வைத்தார், செருப்பை மாட்டினார், இறங்கி நடந்தார்.

எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் 'வரேன்' என்பார்கள். சாவு வீட்டில் மட்டும்தான் சொல்லமாட்டார்கள். மனோரமாவுக்காகத்தான் அப்படிச் சொல்லாமல் போகிறார் என்று கஜபதி தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டான். மனசு கேட்கவில்லை. தெருவில் இறங்கி ஓடினான்.

"அண்ணா! வரேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போண்ணா!"

சுப்பிரமணி திரும்பாமலே போய் பஸ் ஏறினார்.