பாதி ஷட்டர்

காவடிக்குச் சுற்றும் மஞ்சள் துணியில் ஒரு முழம் கிழித்து, கணவரின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டினாள் அம்சா. முடிச்சு நெகிழ்ந்தது. அவிழ்த்து மறுபடி கட்டினாள். எத்தனையோ வருடமாக மயில் காவடிக்கும் பூக்காவடிக்கும் போட்ட முடிச்சு. மலை ஏறி இறங்கும்வரை அசையாது. இன்றைக்குக் கை வரவில்லை.

"வெள்ளத்துணி இருக்குதே அத்த," என்றாள் மருமகள் ஷோபனா.

"இருக்கட்டும்."

சடகோபன் விடியற்காலையில் கடை திறக்கப் போனவர். ஷட்டரைப் பாதிக்குத் தூக்கியதும் அப்படியே சரிந்துவிட்டார். டாக்டர் வந்து பார்த்து, மாரடைப்பு என்று சொல்லிப் போனார். ஷட்டர் இன்னும் பாதியில் நின்றது. யாரும் அதைத் தொடவில்லை. அதன் முன்னால் சாமியானா போட்டு ஐஸ் பொட்டியை வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள், பொட்டியைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்தார்கள்.

"பிரகாசு, மூணு மணிக்கு எடுக்கறோம்னு தெருவுல சொல்லிட்டு வா. துரைக்கண்ணு கிட்ட சொன்னா போதும். அவன் எல்லாருக்கும் சொல்லிடுவான்."

மகன் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"வேணாம்மா."

"இன்னாடா வேணாம்?"

"அவங்களுக்கே தெரியும். மேளம் அடிக்குதுல்ல."

மலையடித் தெருவுக்கு ஒரு வழக்கம் உண்டு. தெருக்காரர் யார் செத்தாலும், பாடை நகரும்போது இரண்டு பக்கமும் ஷட்டர்கள் பாதிக்கு இறங்கும். முழுக்க மூடுவதில்லை. மலைக்கு வருகிறவர்கள் வெறுங்கையோடு போகக் கூடாது. கடைக்காரர்கள் வெளியே வந்து நிற்பார்கள். பாடை கடந்ததும் ஷட்டர் ஏறும். ஆரம்பித்து வைத்தவர் சடகோபன்தான். செருப்புக்குக் காவல் இருந்த கிழவி ஒருத்தி நாதியில்லாமல் செத்தபோது, கையில் ஒரு தடியோடு ஒவ்வொரு ஷட்டராகத் தட்டிக்கொண்டு போனார். "எறக்குங்கடா. உங்க செருப்பயும்தான் அவ பாத்துக்கினா." அதற்குப் பிறகு எந்தச் சாவுக்கும் முன்னால் நடந்து தட்டுவது அவர் வேலையாகிப் போனது.

தட்டுகிறவர் போனதற்கு யார் தட்டுவது என்றுதான் அம்சா காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள்.

தெருவிலிருந்து ஒருவரும் வரவில்லை. பள்ளிப்பட்டிலிருந்து நாத்தனார் புஷ்பலதா வந்தாள். பொதட்டூர்பேட்டை ஜனம் வந்தது. எதிர்ச்சாரியில் துரைக்கண்ணுவின் பித்தளைக் கடை திறந்தே இருந்தது. தினமும் காலையில் இங்கே வந்து உட்கார்ந்து பேப்பரைப் பாதிப் பாதியாகப் பிரித்துப் படிக்கிறவன். கொஞ்ச நாளாக அவன் வருவதில்லை. "இன்னா, சண்டையா?" என்று அம்சா கேட்டாள். "சீசன் வருதுல்ல, சரக்கு எடுக்க அலைஞ்சிக்கினு இருப்பான்," என்றார் சடகோபன்.

புஷ்பலதா அழுது ஓய்ந்து மூக்கைச் சிந்தினாள்.

"எங்க தெருவு, எங்க தெருவுன்னு பீத்திக்குவான் எங்கண்ணன். ஒரு ஈ காக்கா காணம்?"

பிரகாஷ் மாலை வாங்கி வந்தான். பஸ் ஸ்டாண்டு கடையின் பை.

"மணியம்ம கடையில எடுக்கலயா?"

"அங்க ரோஜா இல்லம்மா."

நாலு கடை தள்ளி மணியம்மையின் கூடையில் ரோஜா குவிந்திருந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்தது.

உச்சி வெயில் நேரத்தில் லாட்ஜ் மேனேஜர் திலீப் வந்தான். ஆள் உயர மாலை ஒன்றை இரண்டு பேர் பின்னால் சுமந்து வந்தார்கள்.

தெரு முக்கில் போன வருடம் வந்த லாட்ஜ். அங்கே முன்பு இரண்டு டீக்கடையும் ஒரு இட்லிக் கடையும் இருந்தன. இப்போது ஆள் வந்து நின்றால் தானாகத் திறக்கிற கண்ணாடிக் கதவு. திறப்பு விழா அன்று ஒரு ஆடு போய் அதன் முன்னால் நின்றது. கதவு திறந்தது. ஆடு உள்ளே போய் தொட்டிச் செடியைக் கடித்தது. தெருவே சிரித்தது. "துட்டு பாத்து தொறக்குதுன்னு நெனச்சேன். ஆட்டுக்கே தொறக்குதுடா!" என்று சடகோபன் துரைக்கண்ணுவின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அதே லாட்ஜுக்கு கார் நிறுத்த இடம் வேண்டியிருந்தது. கடை வரிசையை மொத்தமாக விலைக்குக் கேட்டார்கள். சடகோபனுடையது நடுக்கடை. நடுக்கடை போனால் வரிசை போனது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒட்டிய சுவர்கள்; ஒன்றை இடித்தால் மற்றது நிற்காது. அவர்தான் எல்லோரையும் கூட்டினார். யாரும் விற்பதில்லை, சத்தியம் என்று சொன்னவரும் அவர்தான்.

பிரகாஷ் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான். திலீப்பை முன்பே தெரிந்தவன்போல நின்றான். அம்சா அதைப் பார்த்தாள்.

திலீப் மாலையைப் போட்டுவிட்டு அவள் பக்கம் குனிந்தான்.

"ஐயா தங்கமான மனுஷரும்மா. சொன்ன சொல்லு மாறல. ரிஜிஸ்டரேஷனுக்குக் கூட எங்களுக்கு முன்னாடி வந்து உக்காந்துக்கினு இருந்தாரு. நீங்க ஒண்ணும் அவசரப்படாதீங்க. காரியம் முடிச்சிட்டு மெதுவா காலி பண்ணிக்கலாம். முதலாளியே சொல்லச் சொன்னாரு."

அம்சா தலையை ஆட்டினாள். அவன் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போகும்வரை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

பிறகு எழுந்து, பாதி ஷட்டருக்குக் கீழே குனிந்து கடைக்குள் போனாள். மகன் பின்னால் வந்தான். உள்ளே காவடிகள் சுவரோடு சாய்ந்திருந்தன. கற்பூர வாசனை.

"எப்போ?"

"போன மாசம்."

"உனக்குத் தெரியும்."

"நைனாதான் உங்கிட்ட சொல்ல வேணாம்னாரு. சொன்னா நீ நேரா தொர மாமா கிட்ட போயிடுவன்னாரு."

அவள் ஒரு மயிலிறகைச் சரிசெய்தாள்.

"ஆவடியில என் வூட்டு மேல மாடி கட்டறது எதுக்கும்மா? நீயும் நைனாவும் வந்து இருக்கத்தான். இந்தத் தெருவு இன்னும் எவ்ளோ நாளு? இன்னிக்கி இல்லன்னா நாளைக்கு எல்லாரும்தான் குடுப்பாங்க. மொதல்ல குடுத்தா நல்லபடியா குடுக்கலாம்னாரு நைனா."

"மொதல்ல," என்றாள் அம்சா.

அந்தச் சத்தியமும் இந்தக் கடை வாசலில்தான் நடந்தது. கிருத்திகை அன்று சாயங்காலம். சடகோபன் தன் கடை டப்பாவிலிருந்தே கற்பூரம் எடுத்து ஒவ்வொருவர் முன்னாலும் வைத்துக் கொளுத்தினார். விற்க மாட்டேன் என்று சொல்லி ஒவ்வொருவரும் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார்கள். "அண்ணியும் அடிக்கட்டும், கடையில பாதி அவங்க ஒழைப்பு," என்றான் துரைக்கண்ணு. அம்சாவும் அடித்தாள். சடகோபன் முறை வந்தபோது நகரிப் பக்கத்திலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. காவடி வேண்டும் என்றார்கள். அவர் எழுந்து போனார். திரும்பி வந்தபோது எல்லோருக்கும் டீ வந்திருந்தது.

கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே அவள் கேட்டாள், "நீங்க அடிக்கலயே?"

"பத்த வெச்சவனே நான். எனக்குத் தனியா வேறயா?"

அவளும்கூடச் சிரித்தாள்.

இப்போது கடையை விட்டு வெளியே வந்து, ஐஸ் பொட்டியைச் சுற்றிக்கொண்டு, தெருவில் இறங்கினாள். "எங்கடி போற?" என்று புஷ்பலதா கத்தினாள். ஒரு ஆட்டோ பிரேக் போட்டு நின்றது. தலையில் பூவும் நெற்றியில் பொட்டும் அப்படியே இருக்க, அம்சா எதிர்ச்சாரிக்குப் போனாள்.

துரைக்கண்ணு ஒரு பித்தளை வேலைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"தொர."

அவன் நிமிரவில்லை.

"மூணு மணிக்கு எடுக்கறாங்க."

"ஆங்."

"எனக்குத் தெரியாது தொர."

"நீ வூட்டுக்குப் போ அண்ணி. சாவு நாளு. இன்னிக்கிப் பேசனா நல்லா இருக்காது."

"பேசு."

அவன் வேலைக் கீழே வைத்தான்.

"அவரு ரிஜிஸ்டர் ஆபீசுல உக்காந்துக்கினு இருந்தத மணியம்ம மருமவன் கண்ணால பாத்துட்டு வந்து சொன்னான். நான் அவன அடிக்கப் போனேன். பொய் சொல்றியாடான்னு." துப்பிவிட்டுத் தொடர்ந்தான். "ஒரே வூடு. ஒரே கடை. ஒரே சோறு. தெரியாதுன்னா யாரு நம்புவாங்க?"

அம்சா வலது கையை விரித்துக் காட்டினாள். சுண்டுவிரலுக்குக் கீழே சூடம் சுட்ட தழும்பு கறுத்திருந்தது.

"நான் அடிச்சேன்."

துரைக்கண்ணு பார்த்தான். தன் கையையும் விரித்தான்.

"நாங்களும்தான் அடிச்சோம்."

இரண்டு கைகளும் சற்று நேரம் அப்படியே விரிந்திருந்தன. மலையிலிருந்து வந்த ஒருவர் கடைக்குள் தலையை நீட்டி, "சின்ன வேல் இருக்குதுங்களா?" என்றார். துரைக்கண்ணு அவர் பக்கம் திரும்பினான்.

ஷட்டரைப் பற்றிக் கேட்கத்தான் அவள் வந்தாள். கேட்காமல் திரும்பி நடந்தாள்.

குளிப்பாட்டினார்கள். வாய்க்கரிசி போட்டார்கள். கடைசியாக அம்சா குனிந்தாள். அரிசியைப் போட்ட பிறகு எழவில்லை. சடகோபனின் வலது கையை எடுத்து, மடங்கியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். உள்ளங்கையைப் பார்த்தாள். விபூதி பொட்டலம் கட்டிக் கட்டி மழமழத்துப் போன கை. ஒரு வடுவும் இல்லை. கட்டைவிரலால் தேய்த்தும் பார்த்தாள்.

"கைய வுட மாட்றாளே, ஐயோ, கைய வுட மாட்றாளே!" என்று புஷ்பலதா மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். பொதட்டூர்பேட்டைப் பெண்களும் சேர்ந்து அழுதார்கள்.

அம்சா கையை இருந்த இடத்தில் வைத்துவிட்டு எழுந்தாள். அவள் கண்ணில் தண்ணீர் வரவில்லை. அதிர்ச்சி என்றார்கள். சோடா வாங்கி வரச் சொன்னார்கள்.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். கொள்ளிச்சட்டியோடு பிரகாஷ் முன்னால் நடந்தான். பெண்கள் முக்குவரை போகலாம். அம்சா பாடைக்குப் பின்னால் நடந்தாள்.

மேளம் ஓங்கி அடித்தது. வளையல் கடையில் வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. படக்கடையில் சட்டம் போட்ட படங்கள் வெயிலில் மின்னின. மணியம்மை பூக்கட்டிக்கொண்டிருந்தாள், பாடை கடந்தபோது அவள் கையில் நார் நின்றது, பிறகு ஓடியது. புதிதாக வந்த ஜூஸ் கடையில் மிஷின் சத்தம். அந்தக் கடைக்காரனுக்கு வழக்கம் தெரியாது. மற்றவர்களுக்குத் தெரியும்.

துரைக்கண்ணு கடைக்கு வெளியே வந்து நின்றான். ஷட்டர் கொக்கி தலைக்கு மேலேயே இருந்தது. அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தான். அம்சா அவனைக் கடக்கும்போது தலையைக் குனிந்துகொண்டாள். காதை மட்டும் பின்னால் விட்டு நடந்தாள். இரும்பு உருளும் சத்தம் வரவில்லை.

தெருவில் பாதியில் நின்றது அவள் கடை ஷட்டர் ஒன்றுதான்.

முக்கில் பாடையை இறக்கினார்கள். கால் பக்கமும் தலைப் பக்கமும் மாற்றித் தூக்க வேண்டும். மேளம் ஓய்ந்தது. பெண்கள் அங்கேயே நின்றார்கள். "அப்பிடியே கொஞ்சம் தள்ளி வைங்கப்பா, வண்டி போவணும்," என்று யாரோ சொன்னார்கள். நாலு பேர் பாடையை லாட்ஜ் வாசல் பக்கமாக நகர்த்தி வைத்தார்கள்.

கண்ணாடிக் கதவு திறந்தது.

உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று வந்து பாடையின் பூக்களை அசைத்தது. எலுமிச்சை வாசனை. மேசைக்குப் பின்னால் இருந்த பெண் எழுந்து நின்றாள். கதவு மூடிக்கொள்ள வந்து, பாதியில் தயங்கி, மறுபடியும் இரண்டு பக்கமும் விலகியது.