வெள்ளிக்கிழமைப் பால்

மலேசியாவின் கிள்ளானில் ரமணி வீட்டு வாசலில் மல்லிகைச் செடி மறுபடியும் மஞ்சளாகிப் போனது. இது மூன்றாவது செடி. "இது இந்த மண்ணுப் பூ அக்கா, குச்சிய நட்டாலே வரும்" என்று சொல்லித்தான் சுங்கை பூலோ நர்சரிக்காரர் கொடுத்தார்.

போன வருடம் கணவர் சுகுமாறனுக்கு இருதய அறுவை நடந்தபோது, தன் கையால் வளர்த்த மல்லிகையைத் தொடுத்து ஆடி வெள்ளியில் அம்மனுக்குச் சாத்துவதாக ரமணி வேண்டிக்கொண்டாள். அவர் பிழைத்து வந்து கேலியும் பேசத் தொடங்கிவிட்டார். செடிதான் பிழைப்பேனா என்றது.

"என்னையே காப்பாத்துன அம்மனால உன் கையிலேருந்து இந்தச் செடிய காப்பாத்த முடியலையே!"

"பேசாம மருந்தச் சாப்பிடுங்க!"

வேலிக்கு அப்பாலிருந்து நல்லம்மாள் எட்டிப் பார்த்தாள். பிள்ளைகள் சிங்கப்பூர் போனபின் தனியாக இருப்பவள்.

"ரமணி, கோவிச்சுக்காத. உன் மல்லி நாறுது லா."

ரமணிக்குச் சுருக்கென்றது. பூக்காத செடி எப்படி நாறும்? ஆத்திரத்தோடு குனிந்து மண்ணைக் கிளறினாள். புளித்த பால் வாடை குப்பென்று அடித்தது. வேர் பாதி அழுகியிருந்தது.

வெள்ளிதோறும் வீட்டு அம்மன் சிலைக்குப் பாலாபிஷேகம் செய்வாள். அந்தப் பால் யார் காலிலும் படக்கூடாதென்று செடியடியில் ஊற்றிவந்தாள். சாமி பால் கெடுதல் செய்யுமா என்ற நம்பிக்கை.

"சாமி பால பின்ன எங்கக்கா ஊத்துறது?" அழுகை வந்துவிட்டது.

"சிலைக்கு ஒரு கரண்டி மட்டும் ஊத்து, அம்மன் வேணாம்னா சொல்லப்போறா? மிச்சத்தக் காய்ச்சி எனக்கு ஒரு காப்பி குடு."

அன்று முதல் வெள்ளிதோறும் நல்லம்மாளுக்குக் காப்பி போனது. அழுகியதை வெட்டிவிட்டு, செடியைப் புது மண்ணில் வைத்தாள் ரமணி. துளிர்த்தது, மொட்டும் விட்டது. ஆனால் கடைசி ஆடி வெள்ளியன்று பார்த்தால், ஒரு மொட்டுகூட வெளுக்கவில்லை.

திங்கட்கிழமைதான் ஒரு கைப்பிடி பூ கிடைத்தது.

"இவ்வளவு பாடுபட்டு, நாள் தவறிப்போச்சே!" என்று செடியையே திட்டினாள்.

"ஏன், திங்கக்கெழம அம்மன் கடைய சாத்திட்டுப் போயிடுவாளா?" என்றார் சுகுமாறன்.

சிரிப்பு வந்தாலும் ரமணிக்கு மனம் ஆறவில்லை. முணுமுணுத்துக்கொண்டே சரத்தைத் தொடுத்து முடித்தாள். கோயிலுக்குக் கிளம்பியவள் வேலியோரம் நின்று கூப்பிட்டாள்.

"அக்கா, நீங்களும் வாங்க. இப்ப நாறுதான்னு பக்கத்துலேருந்து சொல்லுங்க."