காந்த அறைக்கு முன்னால்

விமலுக்குச் சில நாளாகத் தலை சுற்றுகிறது. நேற்று கம்பெனியில் வேலை நடக்கும் லைனிலேயே தள்ளாடி விழப் போனவனை சூப்பர்வைசர் ஸ்ரீதர் தாங்கிப் பிடித்து, இன்று ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரி வரை கூடவே வந்திருந்தான். விமலின் மனைவி தேவிப்பிரியாவுக்கு அதுதான் சங்கடம். நல்ல மனிதன்தான், ஆனால் அவன் பக்கத்தில் இருந்தால் அவள் புருஷன் கம்பெனி ஆளாகிவிடுவான், வாயில் உண்மை வராது.

டாக்டர் முதலில் சிடி எடுக்கலாமா என்று யோசித்தார். பின்மூளையைச் சுற்றி எலும்பு கெட்டி, சிடியில் அந்த இடம் தெளிவாகத் தெரியாது, எம்ஆர்ஐதான் சரி என்றார். கட்டியாக இருக்குமோ என்ற கேள்வி அவள் தொண்டை வரை வந்தது. கேட்கப் பயமாக இருந்தது.

ஸ்கேன் எடுப்பவர் விமலின் வெள்ளி அரைஞாணைக் கூடக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். இரும்பைத் தேய்க்கும் கிரைண்டிங் வேலை செய்பவனா, கண்ணில் எப்போதாவது இரும்புத் துகள் விழுந்ததா என்று கேட்டார். உள்ளே இருப்பது பெரிய காந்தம், கண்ணில் துகள் தங்கியிருந்தால் இழுத்துவிடும் என்றும் சொன்னார்.

"இல்ல சார்," என்றான் விமல், மனப்பாடம் ஒப்பிப்பவன் மாதிரி.

அந்தப் பதில் எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரியும். வல்லம் வடகாலில் அவன் கம்பெனி வாசலில் விபத்தில்லாத நாட்களை எண்ணிக் காட்டும் போர்டு ஒன்று உண்டு. எண் ஏறிக்கொண்டே போனால் லைனுக்கே பிரியாணி. யாராவது அடிபட்டதாகச் சொன்னால் எண் பூஜ்யத்துக்கு இறங்கும். சொன்னவனோடு அப்புறம் ஒருத்தரும் பேச மாட்டார்கள். அதனால் கண்ணில் துகள் விழுந்தால், உடன் வேலை செய்யும் கொம்பையா துணி நுனியால் எடுத்துவிடுவார். பாதுகாப்பைச் சோதிக்கும் ஆடிட்டில் கேட்டால் எல்லாரும் ஒரே குரலில் 'இல்ல சார்'. பிரியாணிக்குக் கண்ணை அடகு வைக்கிற கூட்டம்! போன தீபாவளி சமயம் விமல் கண் சிவந்து வந்து, வாரக்கணக்கில் உறுத்துகிறது என்று கசக்கிக்கொண்டிருந்ததை அவளல்லவா பார்த்தாள்?

சொல்லாதே என்பதுபோல் விமல் அவளைப் பார்த்தான். வேலையை நிரந்தரமாக்கும் பேச்சு நடக்கிற நேரம். அவன் ஸ்கேன் அறைக் கதவை நோக்கி நடந்தான். ஓடிப்போய்க் குறுக்கே நின்றாள்.

"பொய் சொல்றாரு சார். கண்ணுல இரும்புத் தூள் பூந்துச்சு. முழுசா வெளிய வந்துச்சான்னு யாருக்கும் தெரியாது."

"வேலை பூடும்டி," என்றான் விமல் தாழ்ந்த குரலில்.

"போவட்டும். கண்ணு பூட்டா எந்தக் கம்பெனி குடுக்கும்?"

டாக்டரைக் கூப்பிட்டார்கள். முதலில் கண்ணுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது கண்ணில் வெள்ளையாக ஒரு புள்ளி. டாக்டர் அதை விரலால் சுட்டிக் காட்டினார். உள்ளே போயிருந்தால் அது அசைந்து பார்வையே போயிருக்கலாம் என்றார். இப்போதைக்கு சிடி, அது காட்டுகிற அளவுக்குக் காட்டட்டும். கண் டாக்டர் துகளை எடுத்த பிறகு எம்ஆர்ஐ. தலைக்குள் என்ன என்று இன்னும் தெரியவில்லை. இருந்தாலும் கண் தப்பியதே என்று தேவிப்பிரியா அரைஞாணை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

லைனில் வேறு யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா என்று டாக்டர் ஸ்ரீதரைக் கேட்டார்.

"இல்ல..." என்று பழக்கத்தில் ஆரம்பித்தவன் நிறுத்தினான். எக்ஸ்ரேயில் இருந்த புள்ளியை இன்னொரு தரம் பார்த்தான். கை தானாக இடது கண்ணுக்குப் போனது.

"எனக்கும் பூந்திருக்கு சார்," என்றான்.