பின்னால் ஆள் இருக்கக் கூடாது

நாஜியாவின் வேலையில் ஒரே ஒரு விதிதான் கஷ்டமானது. வேலை நேரம் முழுக்க மடிக்கணினியின் கேமரா திறந்திருக்க வேண்டும், பின்னால் ஆள் இருக்கக் கூடாது. துணி கட்டி மறைக்கக் கூடாது. பின்னணியை மங்கலாக்கக் கூடாது. அறை முழுவதும் தெரிய வேண்டும். அவள் பேசுவது கடன் அட்டை வைத்திருப்பவர்களிடம். அவர்களுடைய பிறந்த தேதியையும் அட்டை எண்ணையும் வேறு யாரும் எட்டிப் பார்த்துவிடக் கூடாது என்பது கம்பெனியின் கவலை.

அவள் வீட்டில் இருப்பதே ஒரு அறைதான். வள்ளூரில், அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் வாசலிலிருந்தே தெரியும் ஒரு தெருவில். அந்த அறையில் ஒரு கட்டில். கட்டிலில் அவளுடைய அத்தா ஹனீப். எனக்குச் சின்னத்தா, என் அப்பாவின் தம்பி. பழவேற்காட்டில் இறால் ஏலம் எடுத்துச் சென்னைக்கு லாரி ஏற்றிக்கொண்டிருந்தவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறும். புத்தி குழறவில்லை. அவளுடைய அம்மா இறந்து வருஷங்களாகின்றன. அவரைப் புரட்டிப் போடவும், துடைத்துவிடவும், துணி மாற்றவும் அவள் ஒருத்திதான். வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை என்பதால்தான் அவளால் வேலைக்கே போக முடிந்தது.

நான் கும்மிடிப்பூண்டியில் ஒரு உருக்காலையில் நைட் ஷிப்ட் பார்த்துவந்தேன். ஒருநாள் பஸ் ஏறவில்லை, பிறகு போகவே இல்லை. இப்போது மீஞ்சூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். நாஜியாவின் மடிக்கணினி நான் வாங்கிக் கொடுத்தது. காக்களூரில் மூடிப்போன ஒரு கம்பெனியின் பழைய சரக்கு. அதில் கம்பெனி தன் கண்காணிப்பு மென்பொருளைப் போடச் சொன்னபோது அவளே போட்டுக்கொண்டாள். போடாவிட்டால் வேலை இல்லை.

ஒரு மத்தியானம் என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். போனேன். ஃபோனை நீட்டினாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவளுடைய டீமின் வாட்ஸ்அப் குழு. அதில் ஒரு படம். அவள் குனிந்து சின்னத்தாவின் லுங்கியை அவிழ்த்துக்கொண்டிருக்கிறாள். அவருடைய இடுப்புக்குக் கீழே எல்லாம் தெரிகிறது. அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம். கீழே, ‘பின்னால் ஆள். இரண்டாவது எச்சரிக்கை.’ அதற்கும் கீழே யாரோ இரண்டு பேர் சிரிக்கும் மஞ்சள் முகங்களைப் போட்டிருந்தார்கள்.

“கேமரா ஆஃப்ல கீதுன்னு நெனச்சேன். பிரேக் டைம்ணே அது,” என்றாள். “பிரேக்லயும் எடுக்குது. மூணாவது வந்தா வேல இல்ல.”

“கட்டில வெளிய போட முடியாதா?”

“வெளிய இன்னா கீது? ரோடு. லாரி போய்க்கினே கீது. வெயில்ல போட்டுட்டு உள்ள உக்காந்து ஹலோ சார் குட்மார்னிங் சார்னு பேசட்டுமா?”

கட்டிலிலிருந்து சின்னத்தா எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் படத்தை அவரிடம் அவள் காட்டவில்லை. காட்டத் தேவையில்லை என்பது அவர் பார்வையில் தெரிந்தது.

வழி இருக்கிறது என்றேன். “உன் மிஷினுக்குள்ள அவனுக்குன்னு ஒரு ரூம் கட்டிக் குடுத்துடலாம். அவன் அந்த ரூம்லயே கெடக்கட்டும். வெளிய இன்னா நடக்குதுன்னு அவனுக்குத் தெரியாது.”

“புரியல.”

மடிக்கணினியில் லினக்ஸைப் போடுவது. அதற்குள் இன்னொரு பொய்க் கணினியை ஓட்டுவது. கம்பெனியின் மென்பொருளை அந்தப் பொய்க் கணினிக்குள் வைத்து அடைப்பது. கேமராவுக்குப் பதிலாக, பதிவு செய்த ஒரு வீடியோவை அதற்கு ஊட்டிவிடுவது. எல்லாவற்றுக்கும் திறந்த மூல மென்பொருள்கள் இருக்கின்றன.

“ஃப்ரீயா?” என்றாள். “ஃப்ரீயா குடுக்கறவன் உள்ள இன்னா வெச்சிருக்கானோ.”

“உள்ள இன்னா கீதுன்னு தொறந்து காட்டிட்டுதான் குடுக்கறாங்க. ஒவ்வொரு வரியும் யார் வேணாலும் படிக்கலாம். உன் கம்பெனிக்காரன் காட்டுறானா?”

“திருட்டுத்தனம் இல்லியாண்ணே இது?”

“லாப்டாப் யாரோடது?”

“என்னோடது.”

“ஊடு?”

“வாடக.”

“படுத்துனு கீறாரே, அவரு?”

சிரித்துவிட்டாள். அந்தப் படம் வந்த பிறகு முதல்முறையாகச் சிரித்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ எடுத்தோம். கட்டிலைச் சின்னத்தாவோடு தூக்கி வாசல் தகரத்தின் கீழே போட்டோம்.

“ஷூட்டிங்கா?” என்று குழறினார்.

“ஆமா சின்னத்தா. ஹீரோ நீங்க இல்ல.”

வாயின் பாதி மட்டும் சிரித்தது.

நேரத்தைக் காட்டிக்கொடுக்கும் எதுவும் படத்தில் இருக்கக் கூடாது. சுவர்க் கடிகாரத்தைக் கழற்றினேன். காலண்டரைக் கழற்றினேன். வெளிச்சம் மாறும் என்பதால் ஜன்னலைச் சாத்தி ட்யூப்லைட்டைப் போட்டேன். நாஜியா உட்கார்ந்து திரையைப் பார்த்தாள், பேசுவதுபோல் வாயசைத்தாள், தட்டினாள், தண்ணீர் குடித்தாள், தாவணியைச் சரிசெய்தாள். பிறகு வேறு துணி உடுத்திக்கொண்டு வந்து மறுபடியும் அதையே செய்தாள். வாரம் முழுவதற்கும் ஆகிற மாதிரி எடுத்துக்கொண்டோம். அவளுக்குப் பின்னால், கட்டில் இருந்த காலி இடத்தைப் பார்த்து ஸ்டாண்ட் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

வேலை செய்தது. கம்பெனியின் மென்பொருள் மட்டமானது. தான் எங்கே அடைபட்டிருக்கிறோம் என்றுகூட அதற்குத் தெரியவில்லை. நாஜியா ஒரு அழைப்புக்கும் அடுத்த அழைப்புக்கும் நடுவில் எழுந்து அத்தாவைப் புரட்டினாள், துடைத்தாள், கஞ்சி ஊட்டினாள். முதுகில் இருந்த புண் ஆறத் தொடங்கியது. டீம் லீடர் மோகன்ராஜ் குழுவில் அவளுடைய படத்தைப் போட்டு, எல்லாரும் நாஜியா மாதிரி உட்காருங்கள் என்று எழுதினான். அதைப் படித்துக் காட்டியபோது சின்னத்தா இருமும்வரை சிரித்தார்.

பிறகு மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள் வந்தது. காலையிலேயே கரண்ட் போனது. மீஞ்சூரிலும் இல்லை, வள்ளூரிலும் இல்லை, சுற்று வட்டாரம் எங்கும் இல்லை. கரண்ட் இல்லாமல் என் கடையில் செய்ய ஒன்றுமில்லை. முந்தின நாள் சார்ஜ் செய்து வைத்திருந்த ஒரு லாப்டாப் பேட்டரியை எடுத்துக்கொண்டு நாஜியா வீட்டுக்குப் போனேன்.

அறை கொதித்துக்கொண்டிருந்தது. அவள் ஃபோன் நெட்டை வைத்துப் பேசிக்கொண்டிருந்தாள். காதில் ஹெட்செட், ஒரு கையில் அட்டை. அட்டையால் அத்தாவுக்கு விசிறியபடியே, “கார்டு ப்ளாக் பண்ணிட்டோம் மேடம், கவலப்படாதீங்க,” என்றாள். அவருடைய நெற்றியிலிருந்து வேர்வை காதுக்குள் இறங்கியது. வாசலில் இருந்து பார்த்தால் அனல்மின் நிலையத்தின் புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது.

வாசலில் பைக் நின்றது. தோளில் பையும் கையில் சார்ஜர் வயருமாக ஒருவன் இறங்கினான்.

“நாஜியா ஊடு இதானே? நான் மோகன்ராஜ். டீம் லீடர். நந்தியம்பாக்கத்துல இருந்து வரேன். போன் பண்ணேன், நீங்க எடுக்கல, அட்ரஸ் ஷீட்ல இருந்துச்சு.” செருப்பைக் கழற்றியபடியே பேசினான். “காலைல இருந்து கரண்டு இல்லாம பேஜாரா கீது. லாப்டாப் சாகப் போவுது. உங்க ஊட்ல மட்டும் ஃபேன் ஓடறதப் பார்த்தேன். கொஞ்ச நேரம் சார்ஜ் போட்டுக்...”

உள்ளே கால் வைத்தவன் நின்றுவிட்டான்.

இருட்டான அறை. அசையாத ஃபேன். கட்டில். அட்டையோடு நாஜியா. அவன் கையிலிருந்த ஃபோனில் அவனுடைய டீம் முழுவதும் சின்னச் சின்னக் கட்டங்களாகத் தெரிந்தது. ஒரு கட்டத்தில் நாஜியா ட்யூப்லைட் வெளிச்சத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பின்னால் ஃபேன் நன்றாக ஓடியது.

அவன் ஃபோனைப் பார்த்தான். ஃபேனைப் பார்த்தான்.

“இன்வெர்ட்டர்னு நெனச்சேன்,” என்றான்.

நாஜியா ஹெட்செட்டைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். யாரும் அவனை உட்காரச் சொல்லவில்லை.

“யாரு பண்ணிக் குடுத்தது?”

“நான்தான்,” என்றேன்.

“ஃபேன நிறுத்திட்டு எடுத்திருக்கலாம்ல பாஸ்.” அவன் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே வருத்தப்பட்டான். “இத நான் எழுதி அனுப்பினா இவங்க வேல போவும். அனுப்பாம உட்டு மேல இருக்கறவன் பாத்தா என் வேலயும் போவும். நான் மட்டும் இன்னா, பங்களாலயா கீறேன்? எம் பொண்ணு சமையக்கட்டுல கதவ சாத்திக்கினு உக்காந்துனு கீறா. நான் மீட்டிங் முடிச்சாதான் வெளிய வருவா.”

“அந்தப் படத்த குரூப்புல போட்டது நீங்கதான சார்?” என்றாள் நாஜியா.

“வட்டம் மெஷினே போட்டுக் குடுக்கும். நான் ஃபார்வர்ட்தான் பண்ணேன். டெலிட் பண்ணிட்றேன்,” என்றான்.

“எல்லார் ஃபோன்லயுமா?”

அவன் சார்ஜர் வயரைச் சுற்றிப் பைக்குள் வைத்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். “ஒண்ணு பண்ணலாம். இதெல்லாம் எடுத்துடுங்க. நாளைல இருந்து கேமரா நெஜமா ஓடட்டும். பெரியவர் படுத்துனு இருந்தா ஒண்ணும் இல்ல. அசையாம இருந்தா மெஷின் அவர கட்டில் மாதிரி, மூட்ட மாதிரிதான் எடுத்துக்கும். கை கால் அசைஞ்சா ஆளுன்னு வட்டம் போட்டு என்னைத் தாண்டி மேல அனுப்பிடும். அதனால துணி மாத்தறது, தண்ணி குடுக்கறது, எதுவும் ஷிப்ட்ல வேணாம்.”

“ஷிப்ட்டு முழுக்கவா? ஒன்னுக்குப் போனா?”

“என்னால ஆனது அவ்ளோதாங்க,” என்றான். போகும்போது கட்டிலைப் பார்த்து, “வரேங்க ஐயா,” என்றான். சின்னத்தா இடது கையைத் தூக்கி நெற்றியைத் தொட்டார். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

வேலையை விட்டுவிடு என்று நாஜியாவிடம் சொன்னேன். “உட்டுட்டு?” என்றாள். கரண்ட் வந்ததும் பொய்க் கணினியை அழித்தேன். கட்டுவதற்குத்தான் நேரம் பிடித்திருந்தது.

மறுநாள் காலை, கம்பெனி மென்பொருள் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கப் போனேன். சின்னத்தா முழுக்கை வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பெருநாளைக்குப் போடுவது. கழுத்துவரை பட்டன். அவரே கேட்டாராம். போர்வையை மார்புவரை இழுத்துச் செருகச் சொல்லியிருந்தார்.

நாஜியா டீயும் பன்னும் கொண்டுவந்தாள். வாயை மூடிக்கொண்டார். தண்ணீர் கொண்டுவந்தாள். மூடிய வாய் திறக்கவில்லை.

“அத்தா, மாத்திர போடணும்.”

மாத்திரையை மட்டும் நாக்கில் வாங்கினார். டம்ளரை இடது கையால் தள்ளினார். வெறும் எச்சிலோடு விழுங்க அவர் பட்ட பாட்டைக் கழுத்து நரம்பு காட்டியது.

“ராத்திரில இருந்து ஒண்ணும் குடிக்கலண்ணே,” என்றாள் என்னிடம். “குடிச்சா போவணும்ல, அதான்.”

“சாயந்தரம்,” என்றார் அவர்.

அவள் டம்ளரைத் தரையில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். ஹெட்செட்டை மாட்டினாள். நான் வாசற்படிக்கு வெளியே வந்தேன். கேமராவுக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்தது.

ஃபேன் ஓடியது. காற்றில் போர்வை நகர்ந்தது, சின்னத்தாவின் செத்துப்போன வலது கை கட்டில் விளிம்பிலிருந்து நழுவித் தொங்கியது. தோள்பட்டை பிடுங்கிக்கொண்டிருக்கும். இடது கை நன்றாகத்தான் இருந்தது. அந்தக் கையால் எடுத்து மேலே போட்டிருக்கலாம். அவர் கூரையைப் பார்த்தபடி அப்படியே கிடந்தார். நாஜியா திரையின் மூலையில் அதைப் பார்த்தாள். குரல் மாறாமல், “உங்க டேட் ஆஃப் பர்த் சொல்லுங்க சார்,” என்றாள்.

நான் உள்ளே போய் அந்தக் கையைத் தூக்கி வைக்கவில்லை. உள்ளே போனால் நானும் ஆள்தான்.