நாலு கிலோ குருணை

தெரு முழுக்க அவளை அண்ணி என்றுதான் கூப்பிடும். எல்லாம் நாத்தனார் குட்டியால் வந்தது. கடை திறந்த நாளிலிருந்து "அண்ணி, ஒரு காபி", "அண்ணி, பால் பொங்குது" என்று அவள் போட்ட சத்தத்தில் வந்துபோகிறவர்களுக்கும் அது தொற்றிக்கொண்டது. அறுபது வயதுக்காரர்கள்கூட அண்ணி என்பார்கள். அவளும் கூச்சப்படாமல் "சொல்லுங்க தம்பி" என்பாள்.

நான்கு மேஜை போட்ட காபிக் கடை. வெயில் ஏறத் தொடங்கியதும் மூன்று தெரு தள்ளியிருந்த அச்சகத்திலிருந்து ஆர்டர் வந்தது. தினமும் காலை பத்து மணிக்கு நாற்பது லிட்டர் குளிர் காபி வேண்டும். மெஷின் சூட்டிலேயே நிற்கிற ஆட்களுக்கு ஆவி பறக்கிற டம்ளரைப் பார்த்தாலே எரிச்சலாம். அண்ணி சந்தோஷத்தில் உடனே தலையை ஆட்டிவிட்டாள். ஆட்டிய பிறகுதான் யோசித்தாள்.

கொட்டையை அரைத்து, பச்சைத் தண்ணீரில் பதினாறு மணி நேரம் ஊறப்போட்டு, துணியில் வடிகட்ட வேண்டும். நாற்பது லிட்டருக்கு நாலு கிலோ கொட்டை. கடையிலிருந்த சின்ன மெஷினோ ஒரு தடவைக்கு இருநூறு கிராமுக்கு மேல் வாங்காது. பத்தாவது தடவையிலேயே அது தொட முடியாமல் கொதித்தது. அரைத்ததாவது ஒழுங்காக இருந்ததா என்றால் அதுவும் இல்லை. பாதி குருணை, பாதி மாவு. மாவு போய் துணியின் கண்ணையெல்லாம் அடைத்துக்கொள்ள, காபி சொட்டுச் சொட்டாக இறங்கியது. முதல் நாள் கேன்கள் அச்சகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றரை.

குடித்துப் பார்த்த போர்மேன், "நல்லா ஜில்லுனு இருக்கு அண்ணி. அடியில மட்டும் கொஞ்சம் சேறு" என்றார். அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவளுக்குத்தான் சுருக்கென்றது.

"பெரிய மெஷினா வாங்கிடலாம், விடு" என்றான் அவள் கணவன். கடைகளுக்குப் போர்டு எழுதுகிற பெயிண்டர் அவன். கடைவீதியில் கண்ணாடிக்குப் பின்னால் நின்ற சிவப்பு மெஷின் ஒன்றின் மேல் போன மாதமே கண் வைத்துவிட்டான். "அந்தச் சிவப்பு இருக்கே, எத்தனை கோட் அடிச்சாலும் வராது. தொட்டா வேலை செய்யுது. படம் வேற வருது."

"படமா ஊறப்போடப் போறோம்?" என்றாள் அண்ணி.

"நீ வந்து பாரு, அப்புறம் பேசு."

குட்டி குறுக்கே வந்தாள். கட்டட வேலைக்கு வரும் மணலையும் ஜல்லியையும் சோதித்துச் சொல்லும் ஆய்வகத்தில் அவளுக்கு வேலை. "அண்ணி, நாங்க மணலை எப்படிப் பாக்குறோம்? கண்ணாலயா பாக்குறோம்? சலிச்சுத்தான் பாக்குறோம். மெஷின் வாங்குறதுக்கு முன்னாடி அது அரைச்சுத் தர்றதையும் சலிச்சுப் பாத்துடுவோம்."

"ஐயோ, மண்ணு சலிச்ச சல்லடையிலயா?"

"இன்னும் மண்ணையே பாக்காத புது செட் அண்ணி. மேனேஜர்கிட்ட கேட்டு வாங்கியாச்சு."

மறுநாள் மத்தியானம் மூவரும் மெஷின் கடைக்குப் போனார்கள். அண்ணி கையில் ஒரு பை கொட்டை. குட்டி கையில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய மூன்று வட்டச் சல்லடை, அடியில் ஒரு தட்டு, ஒரு சின்னத் தராசு. விற்பனையாளர் அந்த அடுக்கைப் பார்த்து, சாப்பாட்டுக் கேரியர் என்று நினைத்து, "உள்ள உக்காந்து சாப்பிடக் கூடாதுங்க" என்றார்.

விஷயத்தைச் சொன்னதும் மனிதருக்கு முகம் சுருங்கிவிட்டது. இருபது வருஷமாக விற்கிறாராம், இப்படி ஒரு சந்தேகம் யாருக்கும் வந்ததில்லையாம்.

"எனக்கும் வந்ததில்ல சார்," என்றாள் அண்ணி. "சேறுன்னு சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம் வருது."

அவர் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு மறுக்க முடியவில்லை.

முதலில் சிவப்பு மெஷின். இருக்கிறதிலேயே கொரகொரப்பாக வைத்து நூறு கிராம் அரைத்தார்கள். சத்தமே இல்லை, பட்டு மாதிரி ஓடியது. பெயிண்டர் மனைவியை ஒரு பார்வை பார்த்தான். குட்டி அரைத்ததை மேல் சல்லடையில் கொட்டி, மூடியைப் போட்டு, இடுப்போடு சேர்த்துப் பிடித்து ஐந்து நிமிஷம் ஆட்டினாள். வேடிக்கை பார்க்க நாலு பேர் கூடிவிட்டார்கள். திறந்து பார்த்தால் நடுச் சல்லடையில் நல்ல குருணை இருந்தது, உண்மைதான். ஆனால் அடித்தட்டில் முப்பத்தொரு கிராம் மாவு.

"இது சுடச்சுடக் குடிக்கிற காபிக்குன்னே செஞ்சதுங்க. நைசாத்தான் அரைக்கும்," என்று விற்பனையாளர் இப்போதுதான் வாயைத் திறந்தார்.

இரண்டாவது மெஷின் பாதியில் சிக்கிக்கொண்டு உறுமியது. அதை விட்டுவிட்டார்கள்.

"வேற இல்லையா?" என்றாள் அண்ணி.

அவர் காதைச் சொறிந்தார். "பின்னாடி ஒண்ணு கிடக்கு. யாரும் கேக்க மாட்டாங்க. பாக்க நல்லாருக்காது."

நல்லாருக்காது என்பது மரியாதைக்குச் சொன்ன வார்த்தை. சாம்பல் நிறத்தில், தகரப் பெட்டிக்குத் தொப்பி போட்டது போல நின்றது. பொத்தான் இரண்டே இரண்டு. பெயிண்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஓட்டினால் அப்படியொரு கடகடச் சத்தம். ஆனால் அண்ணி "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணி ஏழு வருவதற்குள் நூறு கிராமும் கீழே விழுந்துவிட்டது. இந்தத் தடவை சல்லடையை ஆட்டியது விற்பனையாளர். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, குட்டியிடமிருந்து பிடுங்கி ஆட்டினார்.

அடித்தட்டில் ஏழு கிராம்.

அண்ணி கணவனைப் பார்க்காமல் தராசையே பார்த்துக்கொண்டு நின்றாள். எது வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு மாதமாக ஆசைப்பட்டவனிடம் அதைத் தன் வாயால் சொல்லத்தான் மனசு வரவில்லை.

பெயிண்டர் மெதுவாக வந்து இரண்டு மெஷினின் வாயிலும் ஒட்டியிருந்த பொடியில் ஒரு சிட்டிகை எடுத்து, உள்ளங்கையில் போட்டுக் கட்டைவிரலால் தேய்த்தான். கலர்ப் பொடி வாங்கும்போது அவன் செய்கிற காரியம் அது.

"பொடி இப்படிக் கலப்படமா வந்தா நான் கடைக்காரன் மூஞ்சியிலயே திருப்பி அடிப்பேன்," என்றான் சிவப்பு மெஷினின் பொடியைக் காட்டி. "போர்டு பூரா திட்டுத் திட்டா நிக்கும். இந்தச் சாம்பல் பெட்டியையே எடுத்துக்கோ."

"நிஜமாவா சொல்றீங்க?"

"எனக்கு அந்தச் சிவப்புதான் பிடிச்சிருக்கு. அதுக்காகப் பொய் சொல்ல முடியுமா?"

அண்ணிக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. கடையென்றும் பாராமல் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். குட்டி நாகரிகமாகச் சல்லடையைத் துடைக்கத் தொடங்கினாள்.

சாம்பல் பெட்டி வந்து இறங்கிய அன்று நாலு கிலோவும் ஐந்து நிமிஷத்தில் அரைபட்டது. மறுநாள் காலை துணியின் கீழே பாத்திரத்தை வைத்துவிட்டு அண்ணி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காபி கம்பி போல இறங்கியது. ஒன்பதரைக்கெல்லாம் கேன்களைக் கட்டி முடித்து, பத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே அச்சகத்து வாசலில் நின்றாள்.

போர்மேன் ஒரு டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மடக்கென்று குடித்தார். டம்ளரை மறுபடி நீட்டினார். அதையும் முடித்துவிட்டு, "பின்பக்கம் பைண்டிங் ஆளுங்களும் கேக்கறாங்க அண்ணி. திங்கக்கிழமையிலேர்ந்து அறுபது லிட்டரா குடுக்க முடியுமா?" என்றார்.

இந்த முறை அவள் உடனே தலையை ஆட்டவில்லை. "புதன்கிழமையிலேர்ந்து தர்றேன் தம்பி. ஊறப்போட இன்னும் ரெண்டு டிரம் வாங்கணும்," என்று சொல்லிவிட்டு, முந்தின நாள் காலிக் கேன்களைத் தூக்கிக்கொண்டு வெயிலில் வேகமாக நடந்தாள்.