மடக்கு மடக்காக

பெண்கள் வாலிபால் குழுவில் நாலு பேருக்கு முன்பற்களின் ஈறோரத்தில் ஒரே மாதிரி சொத்தை. காரணம் புரியாமல் மண்டையைப் பிய்த்துக்கொண்ட பல் டாக்டரம்மா ஒரு மாலை மைதானத்துக்கே போனார். பயிற்சி முடியும்வரை பிள்ளைகள் இனிப்புச் சோடாவை மடக்கு மடக்காகக் குடித்துக்கொண்டே இருந்தார்கள்.

“கொஞ்சந்தானே டாக்டர் குடிக்கிறோம்?” என்றாள் கேப்டன்.

“எத்தனை தடவைங்கறதுதாம்மா முக்கியம். ஒவ்வொரு மடக்குக்கும் வாயில ஆசிட் உண்டாகும். பல்லுக்கு மூச்சு விடக்கூட நேரம் கிடைக்காது.”

மறுநாளே கேப்டன் பெட்டி நிறையத் தண்ணீர் பாட்டில்களோடு வந்தாள். முகம் சுளித்தவர்களுக்கு நடுவே முதல் பாட்டிலைத் தானே திறந்து குடித்தாள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது ஒருத்திக்கும் புதுச் சொத்தை இல்லை.

“நான் வாயாலதான் சொன்னேன். செஞ்சு காட்டினவ நீ,” என்றார் டாக்டரம்மா, மனம் நிறைந்து.